பதினோராவது நிமிடம்

சென்ற அக்டோபர் 9-ஆம் தேதி மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், இங்கிலாந்தில் செவிலியராக வேலை பார்க்கும் என் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் இருந்தது, அவள் வசிக்கும் சிறு நகரத்தின் கவுன்சில் நடத்தும் கார் பார்க்கிங்கில் இயந்திரத்திலிருந்து எடுத்த கட்டணச் சீட்டு. வாங்கிய நேரம் 11:07, இரண்டு மணி நேரத்துக்கான கட்டணம், முடியும் நேரம் 13:07 என்று அதில் அச்சாகியிருந்தது. இரண்டாவது படத்தில், காரின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து எடுத்த அபராத நோட்டீஸ். அதில் குற்றம் நிகழ்ந்த நேரம் 13:17 என்று இருந்தது. படங்களுக்குக் கீழே அவள் எழுதியிருந்தது ஒரே வரிதான்: "அப்பா, இந்தத் தடவையாவது ஜெயிப்போமா?"

"இந்தத் தடவையாவது" என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் முந்தைய தடவை தோற்றதற்குக் காரணம் நான்தான்.

நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் என்பதால், இங்குள்ள பழைய பத்திரங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அதை ஆங்கிலத் தேதிக்கு மாற்றி, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை யாருக்கு அனுபோகம் என்று கணக்குப் பார்ப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. ஓய்வுக்குப் பிறகும் மனு எழுத வருகிறவர்கள் நிற்கவில்லை. புளியரை வழியாகக் கேரளத்துக்குச் சவாரி போகும் டிரைவர்கள், அங்கே கேமரா பிடித்து அனுப்பிய இ-சலானை நீட்டியபடி வருவார்கள். 2023 ஜூனில் கேரளம் அபராதம் போடத் தொடங்கிய 726 கேமராக்களில் 25 கேமராக்கள் தவறான இடத்தில் வண்டியை நிறுத்துவதைப் பார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டவை என்பதை இவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். இப்படி ஊரார் அபராதங்களையெல்லாம் பார்த்த மிதப்பில்தான், மகளுக்கு முதல் நோட்டீஸ் வந்தபோது, படித்துப் பார்க்காமலேயே ஆலோசனை சொல்லிவிட்டேன்.

அந்த முதல் சம்பவம் அதற்கு முந்தைய ஜனவரியில் நடந்தது. ஒரு கடைத்தெருவில் ஒற்றை மஞ்சள் கோடு போட்ட சாலையோரத்தில், மாலை 5:52-க்கு வண்டியை நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்குள் போயிருக்கிறாள். அங்கே தடை மாலை 6 மணி வரை என்று பலகையில் எழுதியிருந்தது. 5:57-க்கு நோட்டீஸ் ஒட்டப்பட்டுவிட்டது. மருமகன் எங்கோ கேட்டுவந்து, "மாமா, இங்கே பத்து நிமிடம் கிரேஸ் பீரியட் உண்டு, சட்டமே இருக்கிறது" என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு அபராதம் போட்டது சட்டவிரோதம் என்று இரண்டு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். கவுன்சிலின் பதில் மூன்று வரியில் வந்தது. பத்து நிமிட அவகாசம், வண்டி நிறுத்த அனுமதிக்கப்பட்ட இடங்களில், அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்த பிறகு மட்டுமே பொருந்தும். மஞ்சள் கோட்டுக்குப் பொருந்தாது. அவர்கள் சொன்னது சரி. தவறு முழுவதும் என்னுடையது. அந்த வகை விதிமீறலுக்கு அபராதம் 70 பவுண்டு. சலுகைக் காலத்துக்குள் கட்டினால் பாதி. ஆட்சேபத்தைச் சீக்கிரமே அனுப்பியிருந்ததால் பாதித் தொகையைக் கட்டும் வாய்ப்பை மறுபடியும் கொடுத்தார்கள். 35 பவுண்டைக் கட்டினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

ஆகவே இரண்டாவது நோட்டீஸ் வந்த அன்று இரவு, யாரோ சொன்னதைக் கேட்காமல் சட்டத்தின் மூல வாசகத்தையே எடுத்துப் படித்தேன். கதை 2015-இல் தொடங்குகிறது. சிறு நகரங்களின் கடைவீதிகளுக்கு வருகிறவர்களைக் கவுன்சில்கள் அபராதத்தால் விரட்டுகின்றன என்ற குறை அப்போது அங்கே பலமாக இருந்தது. எரிக் பிக்கிள்ஸ் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த நேரத்தில், 2015 ஏப்ரல் 6 முதல் இந்தப் பத்து நிமிட விதி இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பின்னர் பழைய விதிகளையெல்லாம் ஒன்றாக்கி 2022 மே 31-இல் புதிய விதிகள் வந்தபோதும் அது அப்படியே தொடர்ந்தது. இவற்றுக்கெல்லாம் தாய்ச் சட்டம் 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம். பத்து நிமிட விதி இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. அதே தீவில்தானே இருக்கிறது என்று ஸ்காட்லாந்தில் போய் இதைக் காட்ட முடியாது. நம் ஊரிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் வேறு மாநில விதி என்பது செங்கோட்டைக்காரர்களுக்குப் புதிதில்லை என்பதால் இது எனக்கு உடனே பிடிபட்டது.

விதியின் சாரம் இதுதான்: கவுன்சில் ஒதுக்கிய நிறுத்துமிடத்தில், அது சாலையோரக் கட்டமாக இருந்தாலும் கவுன்சிலின் கார் பார்க்கிங்காக இருந்தாலும், பணம் கட்டிய நேரமாக இருந்தாலும் இலவசமாக அனுமதித்த நேரமாக இருந்தாலும், அந்த நேரம் முடிந்த பிறகு பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் வண்டி நின்றிருந்தால் அபராதம் செலுத்த வேண்டியதில்லை. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. "நேரம் முடிந்த பிறகு" என்பதால், தொடக்கத்திலேயே சீட்டு எடுக்காதவருக்கு இது உதவாது. "ஒதுக்கிய நிறுத்துமிடம்" என்பதால் மஞ்சள் கோடு அடிபட்டுப் போகிறது. ஜனவரியில் நான் விழுந்த குழி இதுதான். "மேற்படாமல்" என்பதில் என் மகளின் வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

இந்த இடத்தில் "கிரேஸ்" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் இந்தச் சொல்லைப் பெரும்பாலானவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் எல்.ஐ.சி. ஏஜென்ட்தான். ஆண்டு, அரையாண்டு, காலாண்டு பிரீமியத்துக்கு 30 நாள், மாதப் பிரீமியத்துக்கு 15 நாள் "கிரேஸ் டேஸ்" என்று அவர் சொல்லிக் கேட்டிருப்போம். அந்த நாட்களுக்குள் ஒருவர் இறந்துபோனால் பாலிசித் தொகையைக் கொடுத்தாக வேண்டும். அதிகாரி மனம் இரங்கினால் கொடுப்பார் என்பதல்ல. ஆனால் அகராதியைப் பார்த்து இந்தச் சொல்லைக் "கருணை" என்று மொழிபெயர்த்துக்கொண்டால் புத்தி தானாகவே கும்பிடு போடும் பக்கம் சாய்ந்துவிடுகிறது. என் மகளும் அப்படித்தான் சாய்ந்திருந்தாள்.

அவள் எழுதி அனுப்பிய முதல் வரைவு, ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கும் நம் ஊர்க் கருணை மனுவின் ஆங்கில வடிவமாக இருந்தது. புனலூரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனது, அவருக்கு முழங்கால் வலி, படியில் மெதுவாகத்தான் இறங்க முடிந்தது, தான் முந்தைய இரவு முழுவதும் வார்டில் நின்றது, இதற்கு முன் ஒருமுறை ஒழுங்காக அபராதம் கட்டியிருப்பது எல்லாம் அதில் இருந்தன. கடைசியாக ஒரு மன்னிப்பு. எல்லாம் உண்மை, ஆனால் எதுவும் வழக்குக்குப் பயன்படாது. 31 ஆண்டுகளில் இப்படிப்பட்ட மனுக்கள் ஆயிரக்கணக்கில் என் மேசையைக் கடந்திருக்கின்றன. மனுதாரரின் கஷ்டம் எவ்வளவு நீளமாக எழுதப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு அவரிடம் ஆவணம் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கஷ்டத்தைச் சொல்வதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கவுன்சிலுக்கு எந்தக் கட்டத்திலும் தன் விருப்பத்தின்பேரில் அபராதத்தைக் கைவிடும் அதிகாரம் உண்டு. அவசர நோய், வண்டி பழுதாகி நின்றது போன்ற காரணங்களைப் பார்த்து அவர்கள் விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் அதற்கு மேல் உள்ள தீர்ப்பாயத்துக்குப் போகும்போது நிலைமை வேறு. அங்கே நடுவர் பார்ப்பது சட்டத்தை. மிகவும் நெகிழ வைக்கும் காரணமாக இருந்தால் மறுபடியும் யோசித்துப் பாருங்கள் என்று கவுன்சிலுக்குப் பரிந்துரைப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எனவே சட்டப் புள்ளி ஒன்று கையில் இருக்கும்போது, அதைச் சம்பந்தியம்மாளின் முழங்காலுக்குக் கீழே புதைத்து வைக்கக் கூடாது. அவள் வரைவில் நான் விட்டுவைத்தது பெயர், வண்டி எண், நோட்டீஸ் எண் மட்டும்தான். போனில் சிறிது நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "அத்தையைப் பத்தி ஒரு வரியாவது இருக்கட்டும் அப்பா" என்றாள். சரி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தோம்.

ஆட்சேபம் எழுதுவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கச் சொன்னேன். முதலாவது, இது யார் கொடுத்த நோட்டீஸ் என்பது. அங்கே கவுன்சில் கொடுப்பது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். சூப்பர் மார்க்கெட் வளாகம் போன்ற தனியார் இடங்களை நிர்வகிக்கும் கம்பெனிகள் கொடுப்பது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டுக்கும் ஆங்கிலச் சுருக்கம் மூன்றெழுத்தும் ஒன்றே. உறையின் நிறமும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் தனியார் நோட்டீஸ் வெறும் ஒப்பந்தக் கோரிக்கைதான். அதற்கான மேல்முறையீட்டு வழி வேறு, நான் படித்த விதிகள் அங்கே செல்லாது. மகளுக்கு வந்தது கவுன்சிலுடையது என்று உறுதியாயிற்று. பணம் கட்டிய நேரம் முடிந்த பிறகும் நின்றது என்பதற்கான 82 என்ற எண் அதில் இருந்தது. கார் பார்க்கிங்குகளுக்கு அந்த எண். சாலையோரக் கட்டங்களில் இதே விதிமீறலுக்கு 05. இரண்டுமே குறைந்த தட்டு அபராதம், அவளுடைய ஊரில் 50 பவுண்டு.

இரண்டாவது, நாள் கணக்கு. பாதித் தொகையான 25 பவுண்டை 14 நாளைக்குள் கட்டலாம் என்று நோட்டீஸ் சொன்னது. மகள் 9-இலிருந்து 14 நாள் என்றால் 23 வரை என்று கணக்குப் போட்டிருந்தாள். நம் நாட்டில் படித்த எவரும் அப்படித்தான் போடுவார்கள். நம் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தொடக்க நாளைக் கழித்துவிட்டுத்தான் எண்ணச் சொல்கிறது. ஆனால் அங்கே விதி, நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து என்று சொல்லாமல், அந்த நாளில் தொடங்கி 14 நாள் என்று சொல்கிறது. அதாவது கண்ணாடியில் ஒட்டிய அன்றே ஒன்றாம் நாள். கடைசி நாள் 22. இந்த ஒரு நாள் வித்தியாசத்தை என்னைப் போன்ற ஒரு கணக்குப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் இவ்வளவு ரசித்திருக்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆனால் இதை அறியாமல் 23-ஆம் தேதி பணம் கட்டப் போனால் 25 பவுண்டு 50 பவுண்டாகியிருக்கும்.

இனி வழக்கின் உயிர்நிலைக்கு வருகிறேன். 13:07-க்கும் 13:17-க்கும் இடையில் பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்கு மேற்படவில்லை. கவுன்சிலின் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படிக்கிற எவருக்கும் இதுவே போதும். ஆனால் எதிர்த்தரப்பில் என்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். சீட்டு 13:07:00-க்கே முடிந்துவிட்டது; நோட்டீஸ் 13:17:40-க்கு ஒட்டப்பட்டது; ஆகவே பத்து நிமிடம் நாற்பது விநாடி; பத்துக்கு மேற்பட்டுவிட்டது என்பார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். அதற்குப் பதில் சீட்டிலேயே இருந்தது. சீட்டில் விநாடி இல்லை. 11:07 என்று அச்சான சீட்டு 11:07:00-இலும் வந்திருக்கலாம், 11:07:59-இலும் வந்திருக்கலாம். அவள் பணம் கட்டியது முழுதாக இரண்டு மணி நேரத்துக்கு. இயந்திரம் அச்சிடாத விநாடிகளை வாங்கியவர் கணக்கிலிருந்து கழிக்க முடியாது. அப்படியானால் அனுமதித்த நேரம் 13:07:59 வரை நீண்டிருக்கலாம், பத்து நிமிட அவகாசம் 13:17:59 வரை போகலாம். நோட்டீஸில் 13:17 என்று இருக்கும் வரை, பத்து நிமிடம் கடந்துவிட்டது என்று கவுன்சிலால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அபராதம் கேட்பவருடையது.

கவுன்சிலின் இணையதளத்தில் நோட்டீஸ் எண்ணைப் பதிந்தால் அதிகாரி எடுத்த படங்களைப் பார்க்கலாம் என்று மருமகன் கண்டுபிடித்துச் சொன்னார். மொத்தம் ஐந்து படங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் விநாடி வரை நேரம் இருந்தது. நோட்டீஸ் இல்லாத கண்ணாடியின் கடைசிப் படம் 13:16:48. நோட்டீஸ் ஒட்டிய படம் 13:18:11. ஒட்டிய கணம் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. இது எங்களுக்கு முழுச் சாதகம் என்று சொல்ல மாட்டேன். 13:18-க்குப் பிறகுதான் ஒட்டினேன் என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தால் நிலைமை சிக்கலாகியிருக்கும். ஆனால் அவர் தன் கைக்கருவியிலேயே 13:17 என்று பதிந்துவிட்டார். எழுதியது எழுதியதுதான். இதோடு, சீட்டு இயந்திரத்தின் கடிகாரமும் அதிகாரியின் கைக்கருவிக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டின என்பதற்கு அன்றைய சோதனைப் பதிவு உண்டா என்றும் ஒரு கேள்வி சேர்த்தோம். இரண்டு வெவ்வேறு கடிகாரங்களை வைத்து விநாடிச் சண்டை போடுகிறவர், முதலில் அவை இரண்டும் ஒத்துப்போனதைக் காட்ட வேண்டும் அல்லவா.

வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை. என் மனைவி, 25 பவுண்டு என்றால் நம் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல்தான், அதைக் கட்டிவிட்டுப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரவுப் பணி முடித்து வந்து காலை எட்டு மணிக்குப் படுக்கிற பெண்ணிடம், இங்கே பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நான் விநாடிக் கணக்கு பேசிக்கொண்டிருந்தேன். ஆகவே லாப நஷ்டத்தை வெளிப்படையாகவே அவளிடம் வைத்தேன். முதல் கட்ட ஆட்சேபம் 14 நாளைக்குள் போனால், நிராகரித்தாலும் பாதித் தொகை வாய்ப்பை மறுபடி தருவதே அங்கே வழக்கம். அரசின் வழிகாட்டுதலும் அப்படித்தான். எனவே முதல் கட்டத்தில் நஷ்டமே இல்லை. அதற்கு மேலும் போவதாக இருந்தால் 25 பவுண்டைப் பணயம் வைக்கிறோம். தோற்றால் 50 கட்ட வேண்டும். தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டால்தான் ஆபத்து. தொகை ஒன்றரை மடங்காகி 75 ஆகும். பிறகு நார்த்தாம்ப்டன் நீதிமன்றத்தில் கடனாகப் பதிவாகி, வசூலிக்க ஆள் வரும். ஒரு நாளும் அந்த நிலைக்கு விடக் கூடாது என்று சொன்னேன்.

முதல் கட்ட ஆட்சேபத்தைப் 15-ஆம் தேதி அனுப்பினாள். மூன்று பத்தி, ஒரு பக்கம் கூட வரவில்லை. முதல் பத்தியில் இரண்டு நேரங்கள், இரண்டாவதில் விதியின் வாசகம், மூன்றாவதில் விநாடியும் கடிகாரமும், கடைசியில் சம்பந்தியம்மாளுக்கு ஒரு வரி. சீட்டையும் நோட்டீஸையும் இரு பக்கமும் படமெடுத்து இணைத்தாள். மூலச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, வெயிலில் காரின் முன்பலகையில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும்.

மூன்று வாரம் கழித்து வந்த பதிலைப் படித்தபோது, நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். உங்கள் சீட்டு 13:07-க்கு முடிந்தது. எங்கள் அலுவலர் பத்து நிமிட அவகாசம் அளித்த பிறகே 13:17-க்கு நோட்டீஸ் வழங்கினார். எனவே நோட்டீஸ் முறையாகவே வழங்கப்பட்டது. உங்கள் குடும்பச் சூழலுக்கு வருந்துகிறோம். 25 பவுண்டை இன்னும் 14 நாளைக்குள் கட்டலாம். மகள் இதைத் தோல்வி என்று படித்தாள். எனக்கு அது வாக்குமூலமாகப் பட்டது. பத்து நிமிடம் அளித்தேன் என்று அவர்களே சொல்கிறார்கள். சட்டம் கேட்பது பத்து நிமிடம் கடந்ததா என்பதை. பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் வரி என்று இருக்கும்போது, சரியாகப் பத்து ரூபாய் இருந்தவரிடம் வரி கேட்டு, "பத்து ரூபாய் வரை விட்டுத்தானே கேட்டோம்" என்று எழுதிக் கொடுத்தது போல இருந்தது அந்தக் கடிதம். விநாடியைப் பற்றியும் கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. சம்பந்தியம்மாளைப் பற்றி மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்ன மகளிடம் இதை நான் சுட்டிக்காட்டவில்லை.

இந்த முறை முடிவை அவளே எடுத்தாள். "கட்ட வேண்டாம் அப்பா, மேலே போவோம்" என்றாள். பாதித் தொகைக் காலம் கடந்தது. சில வாரங்களில், வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு அனுப்பப்படும் முறையான அறிவிப்பு வந்தது. வண்டி மருமகன் பெயரில் இருந்ததால் அறிவிப்பும் அவர் பெயருக்கு வந்தது. இனி ஆட்சேபம் எழுத வேண்டியவரும் அவரே. முதல் கட்டத்தில் ஓட்டியவர் எழுதலாம்; இந்தக் கட்டத்தில் உரிமையாளர்தான் எழுத வேண்டும், அல்லது அவர் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்த ஒருவர். இதைக் கவனிக்காமல் மகள் பெயரிலேயே அனுப்பியிருந்தால் அதை வைத்தே தள்ளியிருப்பார்கள். பவர் பத்திரம் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கையெழுத்துப் போட வந்தவர்களை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

முறையான ஆட்சேபத்துக்குச் சட்டத்திலேயே காரணங்களின் பட்டியல் இருக்கிறது. பொருந்துவதைக் குறிக்க வேண்டும். விதிமீறல் நடக்கவே இல்லை என்பது ஒன்று. சூழ்நிலைக்கு உரிய தொகையை விட அதிகமாகக் கேட்கப்படுகிறது என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் குறிக்க மருமகன் போனார். நான் நிறுத்தச் சொன்னேன். கூர்ந்து பார்த்தால், நேரம் முடிந்த பிறகு வண்டி நின்றது உண்மைதான். பத்து நிமிட விதி அதை விதிமீறல் அல்ல என்று சொல்லவில்லை. அதற்கு அபராதம் செலுத்த வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறது. செலுத்த வேண்டிய தொகை பூஜ்யம், கேட்பது 50. ஆகவே உரியதை விட அதிகம். எங்கள் வாதம் சரியாகப் போய் உட்காரும் கட்டம் அது. இரண்டையும் குறித்தோம். ஆட்சேபத்தின் முதல் வரியாகக் கவுன்சிலின் சொந்த வாக்கியத்தையே மேற்கோளாக வைத்தோம். அதற்குக் கீழே விதியின் வாசகம். பிறகு, இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். இந்தத் தடவை முழங்கால் இல்லை.

கவுன்சில் 56 நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்சேபம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். இப்படி ஒரு விதி நம் அலுவலகங்களில் இருந்திருந்தால் எத்தனை கோப்புகள் மனுதாரருக்குச் சாதகமாகத் தாமாகவே முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பணியில் இருந்தபோது அப்படி ஒரு விதி இல்லாததற்கு நான் நன்றி செலுத்தியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிராகரித்தால் 28 நாளைக்குள் லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கான ட்ராஃபிக் பெனால்டி டிரிபியூனலுக்குப் போக வேண்டும். அதற்கான வரைவையும் எழுதி வைத்திருந்தேன். காலண்டரில் 56-ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். பேரன் அதைப் பார்த்துவிட்டு யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டான்.

41-ஆம் நாள் கடிதம் வந்தது. மருமகன் படமெடுத்து அனுப்பினார். உங்கள் ஆட்சேபத்தைப் பரிசீலித்தோம், நோட்டீஸை ரத்து செய்கிறோம், நீங்கள் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டே வாக்கியங்கள். பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அது வெற்றுத் தாள். விநாடிக் கணக்கை ஏற்றார்களா, கடிகாரச் சோதனைப் பதிவு இல்லையா, அல்லது தங்கள் முதல் கடிதத்தில் எழுதியதை நாங்கள் தீர்ப்பாயத்தில் காட்டுவோம் என்று பார்த்து விட்டுவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. காரணம் சொல்லாத உத்தரவு செல்லாது என்று அரசு ஊழியனாக இருந்த காலமெல்லாம் எங்களுக்கு நீதிமன்றங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. அதனால், எந்தக் காரணத்தால் ரத்து செய்தீர்கள் என்று கேட்டு ஒரு சிறு கடிதம் எழுதலாமே என்று மகளிடம் சொன்னேன். ஒரு வரைவும் தயாராகவே இருந்தது.

அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அப்பா, நான் தூங்கப் போறேன்" என்று மட்டும் பதில் வந்தது.